மின்சார ரோடு: முதல் சில வருஷ நஷ்டம் யார் தலையில?

[காட்சி: ரோட்டுக்கு நடுவுல பதிச்ச தண்டவாளம், அது மேல ஒரு லாரி]

ஸ்வீடன்ல, ஆர்லாண்டா ஏர்போர்ட் பக்கத்துல 2018-ல திறந்த சோதனை ரோடு இது. ரெண்டே கிலோமீட்டர். லாரிக்கு அடியில இருந்து ஒரு கை இறங்கித் தண்டவாளத்தைத் தொடும். ஓட ஓட சார்ஜ் ஏறும். தண்டவாளத்தை 50 மீட்டர் துண்டுகளா பிரிச்சிருந்தாங்க. வண்டி மேல வர்றப்ப மட்டும்தான் அந்தத் துண்டுல கரண்ட் இருக்கும். எந்த வண்டி எவ்வளவு கரண்ட் எடுத்துச்சுன்னும் தனித்தனியா கணக்காகிடும். அதனால பில் போடறது ஒரு பிரச்சினையே இல்ல. போட்ட முதலை எடுக்கறதுதான் பிரச்சினை.

[திரையில்: கணக்கு]

கிலோமீட்டருக்குச் சுமார் 10 லட்சம் யூரோ ஆகும்னு அந்தத் திட்டக்காரங்க சொன்னாங்க. 20 வருஷத்துல அதை எடுக்கணும்னு வைங்க. வட்டி, பராமரிப்பு எதுவும் சேர்க்காமலே, ஒவ்வொரு கிலோமீட்டரும் தினமும் 137 யூரோ சம்பாதிக்கணும். தினம் 1,000 லாரி வந்தா, லாரிக்கு 14 சென்ட். 100 லாரிதான் வருதுன்னா, 1 யூரோ 37 சென்ட்! அங்க ஒரு பெரிய லாரிக்குக் கிலோமீட்டருக்கு ஆகுற டீசல் செலவே அரை யூரோ பக்கம்தான். கரண்ட் காசு வேற தனி. யார் வருவா?

ரோடு திறந்த மறுநாளே 1,000 லாரி வராது. ரோடு நீளாம யாரும் அந்தக் கை வெச்ச லாரியை வாங்க மாட்டாங்க. லாரி இல்லாம யாரும் ரோட்டை நீட்ட மாட்டாங்க.

ஸ்வீடனோட அய்டிக் செம்புச் சுரங்கத்துல இந்தச் சிக்கல் வரல. 2018-ல 700 மீட்டருக்கு, மின்சார ரயிலுக்கு இருக்கற மாதிரி மேல்கம்பி போட்டு, டிப்பர் லாரிகளை ஓட்டிப் பார்த்தாங்க. பாதை, லாரி, டீசல் பில் எல்லாமே ஒரே முதலாளியோடது. மிச்சமாகுற டீசல் நேரா அவர் கணக்குல சேரும்.

பொது ரோட்டுல அப்படி இல்ல. ஹால்ஸ்பெர்க்-ஓரெப்ரூ நடுவுல, ஈ20 நெடுஞ்சாலையில 21 கிலோமீட்டருக்கு அரசே நிரந்தர மின்சார ரோடு போட டெண்டர் விட்டுச்சு. வந்த விலை பட்ஜெட்டைத் தாண்டிடுச்சு; 2023-ல நிறுத்திட்டாங்க.

பொது ரோட்டுக்கு நான் நம்புற வழி ஒண்ணுதான். தனியார் கம்பெனி கட்டி, பராமரிக்கட்டும். ரோடு வேலை செய்யற நிலையில இருக்கற வரைக்கும், பத்து லாரி வந்தாலும் ஆயிரம் வந்தாலும், அரசு வருஷா வருஷம் நிலையான தொகை கொடுக்கட்டும். லாரி வராட்டி வர்ற நஷ்டம் அரசோடதுன்னு ஆகிட்டா, கடன் கொடுக்கற பேங்க் அதுக்காகக் கூடுதல் வட்டி கேட்காது. அந்தத் தொகையை லாரி டோல்ல இருந்து எடுக்கலாம். ஜெர்மனியில 2005-ல இருந்தே லாரிகளுக்குக் கிலோமீட்டர் கணக்குல டோல் இருக்கு. 2023 டிசம்பர்ல இருந்து கார்பன் கட்டணமும் அதுல சேர்ந்திருக்கு. புகை விடற லாரி கட்டுற காசு, புகை இல்லாத ரோட்டுக்குப் போறது நியாயம்தானே?

பேட்டரி விலை இறங்கிக்கிட்டே வருது; நாளைக்குப் பெரிய பேட்டரி வெச்ச லாரிக்கு இந்த ரோடே தேவைப்படாம போகலாம். அதனால 20 வருஷ ஒப்பந்தம் அரசுக்கும் ரிஸ்க்தான். அதனால முதல் ரோட்டை, அதே லாரிகள் தினமும் போய்ப் போய் வர்ற துறைமுகம்-கிடங்கு பாதையில போடணும். இத்தனை லாரி ஓட்டுறோம்னு டிரான்ஸ்போர்ட் கம்பெனிகள் கையெழுத்துப் போட்ட பிறகுதான் டெண்டரே விடணும்.