இரண்டாவது இழுப்பு

அவைத் தலைவர் அவர்களே, வேலை முடித்த களைப்போடு வந்து அமர்ந்திருக்கும் ராயபுரத்து மக்களே, வணக்கம்.

உழைப்பையும் ஊதியத்தையும் பற்றிப் பேச அழைத்திருக்கிறீர்கள். அதற்கு நான் காசிமேட்டைத் தாண்டிப் போக வேண்டியதில்லை. என் தந்தையார் அங்கே வலை பழுது பார்த்தவர். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை இன்று 61 நாட்கள் நீளும் மீன்பிடித் தடைக்காலம் அவர் காலத்தில் 45 நாட்கள். விசைப்படகுகள் கரையில் கிடக்கும் அந்த நாட்களில்தான் அவருக்கு வேலை அதிகம். கிழிந்த வலையைக் கால் பெருவிரலில் மாட்டி இழுத்துப் பிடித்து, பிய்ந்த கண்ணிகளைக் கத்தியால் சீவிச் சீராக்கி, நைலான் நூல் சுற்றிய ஊசியைக் கோத்து வாங்கி, ஒவ்வொரு முடிச்சையும் இரண்டு முறை இழுத்துப் பார்ப்பார். அந்த இரண்டாவது இழுப்புக்கு யாரும் கூலி தரவில்லை. கேட்டால், "அவங்க கடல்ல நிக்கும்போது நான் கூட இருக்க மாட்டேன்பா" என்பார்.

டீசலுக்கும் ஐஸுக்கும் ஆன செலவு போக மிஞ்சுவதில்தான் படகில் போனவர்களுக்குப் பங்கு. ஆகவே நடுக்கடலில் ஒரு முடிச்சு அவிழ்ந்தால் குறைவது அவர்களுடைய பங்கு. ஏலத்தில் மீன் எடுத்துத் தெருத்தெருவாகக் கூடை சுமக்கும் பெண்களின் அன்றைய வரும்படியும் அதோடு குறையும். நம் வேலை யார் வீட்டு அடுப்பு வரை போகிறது என்று தெரிந்திருப்பதைத்தான் வேலையின் பொருள் என்று நான் கருதுகிறேன்.

ஆனால் மனநிறைவு இருந்தால் கூலி எதற்கு என்று சொல்வோரை என்னால் ஏற்க முடியாது. பெரம்பூரில் பின்னி ஆலைகளில் ஊருக்கெல்லாம் துணி நெய்து தந்தவர்கள், தாங்கள் உட்கார்ந்து சாப்பிடப் போதிய நேரமில்லை என்ற குறையோடுதான் அன்னி பெசன்ட் அம்மையாரோடு பணியாற்றிய பி.பி. வாடியாவிடம் போனார்கள். 1918 ஏப்ரல் 27 அன்று சென்னைத் தொழிலாளர் சங்கம் பிறந்தது, திரு.வி.க.வும் அவர்களோடு நின்றார். உழைப்பை மதித்தவர்கள்தாம் அதற்குரியதையும் கேட்டார்கள்.

ஒரு கோடையில் படகு உரிமையாளர் ஒருவர் என் தந்தையாருக்குப் பாதிக் கூலியை நிறுத்தி வைத்தார். மூன்று நாள் காலையில் அவர் வீட்டு வாசலில் போய் நின்று கேட்டார் தந்தையார். மூன்றாம் நாள்தான் பணம் கைக்கு வந்தது. அந்த மூன்று நாளும் மதியத்தில் அதே உரிமையாளரின் இன்னொரு வலை அவர் மடியில் கிடந்தது. ஒவ்வொரு முடிச்சையும் இரண்டு முறை இழுத்துத்தான் விட்டார்.