அடுப்பும் திருப்புளியும் வகுப்பறைக்குள் வரட்டும்

(அரசு மேல்நிலைப் பள்ளி ஒன்றின் ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)

விழாவுக்குத் தலைமை ஏற்றிருக்கும் மாவட்டக் கல்வி அலுவலர் அவர்களே, முன்னிலை வகிக்கும் தலைமையாசிரியர் அவர்களே, கேட்கும் முன்பே அள்ளித் தந்து புதிய வகுப்பறைகளை எழுப்பிய கொடையாளர் பெருமக்களே, பெற்றோர் ஆசிரியர் கழகத் தலைவர் அவர்களே, பள்ளி மேலாண்மைக் குழுவின் தாய்மார்களே, காலையிலிருந்து ஓய்வறியாமல் உழைக்கும் சத்துணவுப் பணியாளர்களே, மாணவச் செல்வங்களே, அனைவருக்கும் என் பணிவான வணக்கம்.

‘ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது’ என்பது நான் மேடைதோறும் சொல்லும் பழமொழி. உயர்நிலை வகுப்புகளில் தொழில்நுட்பத்தையும் சமையலையும் பிள்ளைகள் தம் கைப்படச் செய்து கற்றால் அறிவியல் தெளிவாகும், ஆண் பெண் வேற்றுமை குறையும், பிழைப்புக்கும் வழி பிறக்கும் என்ற மூன்று செய்திகளை இன்று உங்கள் முன் வைக்க விரும்புகிறேன்.

விடுமுறை முகாம் ஒன்றில் ஒன்பதாம் வகுப்பு மாணவர்களை இரண்டு அணிகளாகப் பிரித்துச் சாம்பார் வைக்கச் சொன்னோம். இரு அணிக்கும் ஒரே கடைத் துவரம்பருப்பு, ஒரே அளவுப் பாத்திரம். ஓர் அணியின் பருப்பு மலர்ந்து, மத்து பட்டதும் குழைந்தது. மற்ற அணியின் பருப்போ எவ்வளவு நேரம் கொதித்தும் வில்லை வில்லையாகவே நின்றது. தீ போதவில்லை என்றான் ஒருவன், பருப்பு பழையது என்றான் இன்னொருவன். அமிலங்கள், காரங்கள் பாடத்தில் முழு மதிப்பெண் வாங்கிய பிள்ளைகளும் அந்த அணியில் இருந்தார்கள். அப்போது சத்துணவுக் கூடத்து அக்கா எட்டிப் பார்த்துவிட்டு, “புளியை யாரு தம்பி முதல்லயே ஊத்துனது?” என்று கேட்டார். புளியின் அமிலம் பருப்பின் செல்சுவரைக் கரையவிடாமல் இறுக்கிவைக்கிறது என்பதை அறிவியல் ஆசிரியர் அங்கேயே விளக்கினார். பிள்ளைகள் அதோடு விடவில்லை. எங்கள் வீட்டு ஆழ்குழாய்த் தண்ணீரிலும் பருப்பு வேகாதே, அதில் புளி இல்லையே என்று ஒரு மாணவி கேட்க, கடின நீரில் உள்ள கால்சியத்தைப் பற்றிய பேச்சு மதியச் சாப்பாடு ஆறும்வரை நீண்டது. ஏட்டுச் சுரைக்காய் கறிச்சட்டிக்குள் இறங்கிய நாள் அது!

தொழில்நுட்பமும் அப்படித்தான். மூன்று முனைப் பிளக்கில் புவி இணைப்பு முனை மட்டும் ஏன் நீளமாக இருக்கிறது என்பதற்கான விடை, திருப்புளி பிடித்து அதைக் கழற்றிப் பூட்டிய மாணவனுக்கு மறக்காது: மின்சாரம் வரும் முன்பே அது இணைந்து, மின்சாரம் விலகிய பின்பே பிரிய வேண்டும்.

ஜப்பானில் 1994 முதல் மேல்நிலைப் பள்ளி மாணவர்களும் மாணவிகளுடன் சேர்ந்து மனையியல் கட்டாயமாகப் படிக்கிறார்கள். இங்கே 1978இல் மேல்நிலைக் கல்வி தொடங்கியபோதே தொழிற்பிரிவுகள் வந்தும், அவை பதினோராம் வகுப்புக்குமுன் எட்டுவதில்லை. அந்தப் பதினோராம் வகுப்பிலும் ஆசிரியர் ஓய்வு பெற்றதும் பணியிடம் நிரப்பப்படாமல் பல பள்ளிகளில் பிரிவே மூடப்பட்டுவிட்டது. அவையோரே, என்னை வருத்துவது இதுதான்.

இது 1953இன் குலக்கல்வித் திட்டம் திரும்பி வருவதாகாதா என்று பெரியவர்கள் சிலர் என்னிடம் கேட்டார்கள். நியாயமான அச்சம். அத்திட்டம் பாதி நாள் பள்ளி முடிந்ததும் பிள்ளையைத் தகப்பன் தொழிலுக்கு அனுப்பியது. காமராசர் ஆட்சியில் 1954இல் அது கைவிடப்பட்டது சரியே. நான் கேட்பது அதற்கு நேர் எதிரானது: எந்தச் சாதிப் பிள்ளையானாலும், ஆணானாலும் பெண்ணானாலும், பள்ளி நேரத்திலேயே, ஒரே மேசையில், ஒரே அடுப்பில் எல்லா வேலையையும் கற்க வேண்டும்.

1982இல் சத்துணவுத் திட்டம் வந்ததிலிருந்து பள்ளி வளாகங்களில் அடுப்பு எரிகிறது. அந்தக் கூடத்தில் பிள்ளைகளை வேலை வாங்கச் சொல்லவில்லை. அதன் பக்கத்திலேயே ஒரு பயிற்சி அறை வேண்டும். மூடிய தொழிற்பிரிவுகளுக்கு ஆசிரியர் வேண்டும். ஒன்பதாம் வகுப்பிலேயே வாரம் இரண்டு பாடவேளை வேண்டும். ஏட்டுச் சுரைக்காயையே எத்தனை தலைமுறைக்குப் பரிமாறுவோம்?

இக்கோரிக்கைகளை எழுதிய விண்ணப்பம் வாயிலருகே மேசையில் இருக்கிறது. பெற்றோர் அனைவரும் கையெழுத்திட்டால், கல்வி அலுவலர் அவர்களிடம் இன்றே இந்த மேடையிலேயே ஒப்படைத்துவிடலாம். நன்றி, வணக்கம்.