எதுவரைக்கும், கர்த்தாவே?

கர்த்தருக்குள் அன்பானவர்களே,

வீட்டில் ஒருவருக்குப் புற்றுநோய் என்று மருத்துவர் சொன்ன இரவில் பலருக்கு ஜெபமே வருவதில்லை. முழங்காலில் நின்றால் அழுகை வருகிறது. சிலருக்கு அதுவும் வருவதில்லை. உடனே, "என் விசுவாசம் போய்விட்டதோ" என்று பயந்துவிடுகிறோம். அப்படிப்பட்ட இரவுக்கென்றே வேதத்தில் ஜெபங்கள் இருக்கின்றன. 150 சங்கீதங்களில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு புலம்பல்தான். ஆராதனையில் 23-ஐயும் 91-ஐயும் மனப்பாடமாகச் சொல்கிற நாம், இந்தப் புலம்பல் சங்கீதங்களைப் பிள்ளைகளுக்குக் கற்றுக்கொடுப்பதேயில்லை. அது பெரிய குறை.

13-ஆம் சங்கீதத்தைத் திறந்துகொள்ளுங்கள். ஆறே வசனங்கள். முதல் இரண்டு வசனங்களில் தாவீது நான்கு முறை "எதுவரைக்கும்" என்று கேட்கிறான். என்னை மறந்துவிட்டீரா, முகத்தை மறைக்கிறீரா என்று கர்த்தரிடமே முறையிடுகிறான். மூன்றிலும் நான்கிலும் விண்ணப்பம்: "என் கண்களைத் தெளிவாக்கும்." ஐந்தாம் வசனத்தில்தான் "உம்முடைய கிருபையின்மேல் நம்பிக்கையாயிருக்கிறேன்" என்று வருகிறது. நான்குக்கும் ஐந்துக்கும் இடையில் சத்துரு ஒழிந்துபோனதாக ஒரு வார்த்தையும் இல்லை. நிலைமை அப்படியே இருக்கும்போதே நம்பிக்கையை அறிக்கையிடுகிறான்.

இதை நம் ஜெபமாக்குவதற்குப் பத்து நிமிடம் போதும். முதல் இரண்டு வசனங்களை வாய்விட்டு வாசியுங்கள். மனதுக்குள் வாசித்தால் கவலை இடையில் புகுந்துவிடும். பிறகு உங்கள் "எதுவரைக்கும்" எது என்று ஒரே வாக்கியத்தில் சொல்லுங்கள். "எதுவரைக்கும் இந்தக் கடன், ஆண்டவரே?" அடுத்து, இன்றைக்குத் தேவையான ஒன்றைப் பெயர் சொல்லிக் கேளுங்கள்: நாளைக் காலை ஸ்கேன், இன்றிரவு தூக்கம். கடைசி இரண்டு வசனங்களை, மனம் ஒத்துவராவிட்டாலும், தாவீதின் வாயிலிருந்து கடன் வாங்கிச் சொல்லுங்கள். மறுநாள் அதே சங்கீதத்தையே எடுங்கள். கெத்செமனேயில் நம் ஆண்டவரும் மூன்றாம் முறை "அந்த வார்த்தைகளையே சொல்லி" ஜெபித்தார் என்று மத்தேயு எழுதுகிறார்.

பெரும்பாலும் தவறுவது எங்கே? முறையிடுவது பாவம் என்று நினைத்து, நேரே ஸ்தோத்திரத்துக்குத் தாவிவிடுகிறோம். சொல்லப்படாத துக்கம் உள்ளேயே தங்கி, சில வாரங்களில் ஜெபிப்பதே கசந்துபோகிறது. சிலுவையில் இயேசுவே "என் தேவனே, என் தேவனே, ஏன் என்னைக் கைவிட்டீர்" என்று 22-ஆம் சங்கீதத்தின் முதல் வரியைச் சொல்லிக் கூப்பிட்டாரே! ஐந்தாம் வசனத்துக்கு வரவே முடியாதவர்களுக்கு 88-ஆம் சங்கீதம் இருக்கிறது. அது இருளிலேயே முடிகிறது. ஆறுதல் வரி ஒன்றும் கடைசியில் இல்லை. ஆனாலும் அது வேதத்தில் இருக்கிறது, ஜெபமாகவே இருக்கிறது.

இன்னொரு தவறு உயிருக்கே ஆபத்தானது: "விசுவாசித்தால் மாத்திரை எதற்கு?" சாகும் நிலையில் வியாதியாய்க் கிடந்த எசேக்கியா ராஜா அழுது ஜெபித்தான், கர்த்தர் அவன் ஆயுசில் 15 வருஷம் கூட்டிக்கொடுத்தார் (2 இராஜாக்கள் 20). அதே அதிகாரத்தில் ஏசாயா தீர்க்கதரிசி அத்திப்பழத்து அடையைப் பிளவையின்மேல், அதாவது கட்டியின்மேல், பற்றுப்போடச் சொல்கிறான். வாக்குத்தத்தமும் மருந்தும் ஒரே தீர்க்கதரிசியின் கையால் வந்தன. சாக வேண்டும் என்று சூரைச்செடியின் கீழ்ப் படுத்த எலியா தீர்க்கதரிசிக்கும் முதலில் கிடைத்தது பிரசங்கம் அல்ல. தூக்கம், சுட்ட அடை, தண்ணீர். எழுந்து சாப்பிட்டவன் மறுபடியும் படுத்துவிட்டான். தூதன் கோபிக்கவில்லை, இரண்டாம் தரம் எழுப்பிச் சாப்பிடச் சொன்னான். தூக்கமில்லாமல், "சாக வேண்டும்" என்று பேசுகிறவரை ஜெபக்கூட்டத்துக்கு மட்டும் அழைத்துப் போகாதீர்கள்; அன்றைக்கே மருத்துவரிடமும் கூட்டிப்போங்கள், தனியே விடாதீர்கள்.

தானே ஜெபிக்க முடியாதவரை மற்றவர்கள் சுமக்கலாம். கப்பர்நகூமில் திமிர்வாதக்காரனை நாலுபேர் சுமந்து வந்தார்கள். இயேசு "அவர்கள் விசுவாசத்தைக்" கண்டார் என்கிறார் மாற்கு. ஆகையால் துக்க வீட்டுக்குப் போகும்போது காரணம் விளக்காதீர்கள். யோபுவின் நண்பர்கள் ஏழு நாள் பேசாமல் உட்கார்ந்திருந்தவரை நன்றாகவே செய்தார்கள். வாயைத் திறந்தபின்தான் கெடுத்தார்கள். சாப்பாடு கொண்டுபோங்கள், 13-ஆம் சங்கீதத்தை மெதுவாக வாசியுங்கள், இரண்டு நிமிடம் ஜெபியுங்கள், கால்மணி நேரத்தில் எழுந்துவிடுங்கள். அடுத்த வாரமும் போங்கள். அப்போது வீட்டில் கூட்டம் இருக்காது.