கலந்த நேரத்திலிருந்துதான் கணக்கு

வணக்கம் நேயர்களே. கிணற்றுத் தண்ணீர் கொதித்த கேத்திலின் அடியில் வெள்ளைப் படிவு பிடிக்காத வீடு வன்னியில் குறைவு. சூடேறும்போது தண்ணீரிலுள்ள இருகாபனேற்று காபனீரொட்சைட்டை விட்டுவிடும். கல்சியம் சுண்ணாம்பாகத் தங்கிவிடும். இதயச் சத்திரசிகிச்சைக் கரைசலின் ஆயுளிலும் இதே சங்கதிதான் குறுக்கே வருகிறது.

இதயத்தை வெட்டித் தைக்கும்போது அது துடிக்கக்கூடாது. அதற்காகப் பொற்றாசியம் கூடிய குளிர்ந்த கரைசலை, இதயத்தசைக்கு இரத்தம் கொண்டுபோகும் முடியுரு நாடிகளுக்குள் செலுத்தி நிறுத்துவார்கள். அப்படியான ஒன்றான சென் தோமஸ் இரண்டாம் இலக்கக் கரைசலில் லீற்றருக்குப் பொற்றாசியம் 16, மக்னீசியம் 16, கல்சியம் 1.2 மில்லிமோல். பையில் வரும்போது இது அமிலம், பீ.எச். ஏறக்குறைய 3.8. அந்த அமிலத்தில் கல்சியம் படியாது, ஆகவே காலாவதித் திகதிவரை வைக்கலாம். பாவிக்கும் முன் ஒரு லீற்றருக்கு 8.4 வீத சோடியம் இருகாபனேற்று 10 மில்லிலீற்றர் சேர்த்தால் பீ.எச். 7.8 அளவுக்கு ஏறும். அதன்பின் கேத்திலில் போலக் கல்சியம் படியக்கூடும், ஆகவே 24 மணித்தியாலம் மட்டுமே. 4 பாகை செல்சியசுக்குக் குளிர்விக்க வேண்டும்.

இதயத்தை நிறுத்தும் இன்னொரு கரைசலான டெல் நிடோ இன்னும் கள்ளமானது. அதில் விறைக்கச் செய்யும் மருந்தான லிக்னோகெயினும் உண்டு. பீ.எச். ஏறியதும் அந்த மருந்து மின்னேற்றத்தை இழந்து பீ.வீ.சீ. பிளாஸ்டிக் பையின் சுவருக்குள் ஊறிப்போகும். வெளிச்சூட்டில் கூடுதலாக, குளிரில் குறைவாக. கரைசலோ கண்ணாடி போலத் தெளிவாகவே இருக்கும். கலங்கினால் வீசவேண்டும், சரி. கலங்கவில்லை என்பதற்காக நம்பிவிட முடியாது.

கிருமிக் கணக்கு வேறு. இவற்றில் கிருமித்தடுப்பு மருந்து இல்லை. ஊசி குத்திச் சேர்க்கும் ஒவ்வொரு முறையும் ஒரு வாசல் திறக்கிறது. குளிர்சாதனப்பெட்டி கிருமியைத் தாமதிக்குமே தவிரக் கொல்லாது. ஆகவே மருந்து கெடாமல் எத்தனை நாள் நின்றாலும், வடிகட்டிய காற்று ஓடும் தூய காற்றோட்டப் பெட்டிக்கு வெளியே கலந்த பையை உடனே பாவிக்க வேண்டும்.

இன்னொரு பிழை, தொங்கும் பைக்குள் பொற்றாசியம் குளோரைட்டை ஏற்றுவது. அது பாரமானது, வாய்ப்பக்கம் அடியில் தங்கும்; முதலில் இறங்குவது அடர்கரைசல். பையை இறக்கி, சேர்த்து, பலமுறை தலைகீழாகப் புரட்ட வேண்டும். லேபலில் கலந்த மணியும் வேண்டும். திகதி மட்டும் எழுதிய பை எனக்குக் கழிவுதான்.

வீட்டிலும் ஒன்று கவனியுங்கள். பிள்ளைக்கு வாங்கும் அமொக்சிசிலின் போத்தலில் அச்சிட்ட காலாவதித் திகதி தூளுக்கு உரியது. தண்ணீர் விட்ட பின் லேபலைப் பொறுத்து 7 அல்லது 14 நாள். தண்ணீர் விட்ட நாளைப் பேனாவால் போத்தலிலேயே எழுதிவிடுங்கள்.