எண்ணெய்க் கப்பலுக்கு இரண்டு சுவர் இருந்தால் போதுமா?

நேயர்கள் அனைவருக்கும் வணக்கம்.

லுக்குட்டிலும் சுற்றியுள்ள தோட்டங்களிலும் இருந்து இந்த உரையைக் கேட்கும் உங்களுக்கு டேங்கர் கப்பல் புதிதல்ல. தஞ்சோங் துவான் கலங்கரை விளக்கத்தடியில் கொஞ்ச நேரம் நின்றாலே மலாக்கா நீரிணையில் அவை வரிசையாகப் போவதைப் பார்க்கலாம். நம் ஆலைகளில் பிழியும் செம்பனை எண்ணெயும் டேங்கரில்தான் வெளிநாட்டுக்குப் போகிறது. அப்படியொரு கப்பல் நம் கரையோரம் உடைந்தால் முதலில் அழியப்போவது நண்டும் இறாலும் கண்டல் காடும்தான். அதனால் இந்தக் கப்பல்களுக்கான சட்டம் நமக்குச் சம்பந்தமில்லாத விஷயம் என்று தயவுசெய்து நினைக்காதீர்கள்.

கப்பல் பட்டறைகளில் டாங்கிக்குள் இறங்கிச் சோதனை செய்வதுதான் பல வருஷங்களாக என் வேலை. அந்த அனுபவத்தில் ஒன்றைச் சொல்கிறேன். டேங்கர்களுக்கு இரட்டைச் சுவர் கட்டாயம் என்று 1992-இல் கொண்டுவந்த அனைத்துலக விதியை இப்போதிருக்கும் வடிவில் ரத்து செய்துவிட்டு, புதிதாக எழுத வேண்டும்.

அந்த விதி எப்படி வந்தது? 1989 மார்ச்சில் 'எக்சான் வால்டெஸ்' அலாஸ்காவில் பாறையில் ஏறியது. சுமார் 37,000 டன் கச்சா எண்ணெய் கடலில் கொட்டியது. மறு வருஷமே அமெரிக்கா தனிச் சட்டம் போட்டது. பிறகு லண்டனில் உள்ள அனைத்துலகக் கடல்சார் அமைப்பும் அதே வழியில் போனது. 1993 ஜூலைக்குப் பிறகு ஆர்டர் கொடுத்த பெரிய டேங்கர்கள் எல்லாம், ஒரு சில மாற்று வடிவங்களைத் தவிர, இரட்டைச் சுவரோடு கட்டப்பட வேண்டும் என்றானது. மெதுவாகத் தரைதட்டினால் வெளிச்சுவர் மட்டும் கிழியும், எண்ணெய் உள்ளேயே நிற்கும். அது உண்மைதான், நான் மறுக்கவில்லை.

ஆனால் மற்ற விபத்துகளைப் பாருங்கள். 1978-இல் பிரான்ஸ் கரையில் 'அமோகோ காடிஸ்' சுக்கான் இயந்திரம் பழுதாகி, திரும்ப வழியில்லாமல் பாறையில் மோதியது. இரண்டு லட்சத்து இருபதாயிரம் டன்னுக்கு மேல் போனது. 1993-இல் ஷெட்லாந்து தீவில் 'பிரேயர்' கப்பலின் எரிபொருளில் கடல்நீர் கலந்து இன்ஜின் நின்றது. காற்று அதைக் கரைக்குத் தள்ளியது. புயல் அலை நாள்கணக்கில் அடித்து உடைக்கும் கப்பலுக்கு இரண்டு சுவர் இருந்தால் என்ன, மூன்று இருந்தால் என்ன? இவற்றுக்கு வேண்டியிருந்தது இரண்டாவது இன்ஜினும் இரண்டாவது சுக்கானும். இன்றுகூட மிகப் பெரிய டேங்கர்களில் பெரும்பாலானவை ஒரே இன்ஜின், கப்பலைத் தள்ளும் ஒரே விசிறி, ஒரே சுக்கானோடுதான் நம் நீரிணையைக் கடக்கின்றன. இன்னொன்று வேண்டும் என்று விதி கேட்கவில்லை.

நமக்குப் பக்கத்திலேயே ஒன்று நடந்தது. 2010 மே மாதம் 'பூங்கா கெலானா 3' சிங்கப்பூர் நீரிணையில் இன்னொரு கப்பலோடு மோதியது. இரட்டைச் சுவர்க் கப்பல்தான். இருந்தும் சுமார் 2,500 டன் கச்சா எண்ணெய் வெளியேறியது.

சரி, சுவர் இரண்டானதால் என்ன கெடுதல் என்று கேட்பீர்கள். இரண்டு சுவருக்கும் நடுவிலுள்ள இடத்தை பலாஸ்ட் டாங்கி என்போம். சரக்கு இல்லாதபோது கப்பல் நிலையாக நிற்க அங்கே கடல்நீரை ஏற்றுவார்கள். ஆள் நுழையும் ஓட்டை வழியாக உடம்பைக் குறுக்கி இறங்க வேண்டும். கையில் டார்ச் விளக்கு, மார்பில் வாயு மீட்டர். காலடியில் சேறு. இரும்புச் சட்டங்கள் அறை அறையாகப் போய்க்கொண்டே இருக்கும். பெயிண்ட் முதலில் விடுவது தட்டையான இடத்தில் அல்ல, சட்டத்தின் விளிம்பிலும் வெல்டிங் ஓரத்திலும். சுத்தியலால் தட்டினால் துரு தகடு தகடாகக் கழன்று விழும். மிகப் பெரிய டேங்கர் ஒன்றில் இப்படிப் பெயிண்ட் பூசிப் பாதுகாக்க வேண்டிய பரப்பு இரண்டு லட்சம் சதுர மீட்டருக்கும் மேல். தோட்டக் கணக்கில் ஏறக்குறைய 50 ஏக்கர். அத்தனையையும் ஒழுங்காகச் சோதிக்கக் கப்பல் நிற்கும் நாட்கள் போதாது. போதாக்குறைக்கு, பிளாஸ்க் மாதிரி இந்த இரட்டைச் சுவர் எண்ணெயின் சூட்டை உள்ளேயே பிடித்து வைக்கிறது. சூடு கூடினால் துருவும் வேகமாகப் பிடிக்கும்.

இதற்கும் ஒரு தரவிதி 2006-இல் வந்தது. பெயிண்ட் 15 வருஷம் தாங்கினால் போதும் என்கிறது. கப்பலோ அதற்குப் பிறகும் ஓடுகிறது. அந்த மிச்ச வருஷங்களில் உள்ளே இறங்கும் ஆளின் நிலை என்ன?

துருவைவிட எனக்குப் பயம் வாயுதான். உள்சுவரில் ஒரு சின்ன விரிசல் விட்டால் எண்ணெய் ஆவி பலாஸ்ட் டாங்கிக்குள் கசியும். அங்கே காற்று இருக்கிறது. ஒரு பொறி போதும். 1976-இல் லாஸ் ஏஞ்சலஸ் துறைமுகத்தில் 'சான்சினேனா' வெடித்த பிறகு, சரக்கு டாங்கிகளுக்குள் ஆக்சிஜன் குறைந்த மந்த வாயுவை நிரப்பும் முறை பெரிய டேங்கர்களுக்குக் கட்டாயமானது. சரக்கு டாங்கியில் ஆக்சிஜன் 8 சதவீதத்தைத் தாண்டக்கூடாது. அதே வாயுவைப் பலாஸ்ட் டாங்கியிலும் எப்போதும் நிரப்பி வைத்தால் வெடிக்காது, துருவும் குறையும். ஆள் இறங்கும் முன்னால் வாயுவை வெளியேற்றி, காற்று அடித்து, மீட்டர் வைத்துப் பார்க்கும் கட்டுப்பாடு வேண்டும், அவ்வளவுதான். இதைக் கட்டாயமாக்காத விதியைப் பாதுகாப்பு விதி என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

அப்புறம் வடிவம். நடுவே ஒரு தளம் போட்டு, கீழ்ச்சரக்கின் அழுத்தத்தைக் கடல்நீரின் அழுத்தத்துக்குக் கீழே வைக்கும் கப்பலை லண்டன் அமைப்பு ஏற்கிறது. அதில் அடிப்பாகம் கிழிந்தால் கடல்நீர் உள்ளே தள்ளும், எண்ணெய் வெளியே வராது. ஆனால் அமெரிக்கச் சட்டம் இரட்டைச் சுவரை மட்டும்தான் ஏற்கிறது. அமெரிக்கத் துறைமுகத்துக்குள் நுழைய முடியாத டேங்கரை எந்த முதலாளி கட்டுவார்?

மலேசியா 1971 முதல் அந்த அமைப்பில் உறுப்பு நாடு. இந்த நீரிணையின் கரையில் இருக்கும் இந்தோனேசியாவையும் சிங்கப்பூரையும் சேர்த்துக்கொண்டு நம் அரசு அங்கே திருத்தம் கேட்க வேண்டும். இரட்டை இன்ஜின், பலாஸ்ட் டாங்கிக்கு மந்த வாயு, கப்பல் முதலாளியிடம் சம்பளம் வாங்காத சோதனையாளர் ஆகிய மூன்றும் அதில் இருக்க வேண்டும். இன்னொன்றையும் நாமே இங்கே செய்யலாம். 2002-இல் ஸ்பெயின் அருகே 'பிரெஸ்டீஜ்' கப்பல் அடிபட்டு ஒதுங்க இடம் கேட்டது. கரையில் விடாமல் நடுக்கடலுக்குத் துரத்தினார்கள். ஆறாம் நாள் அது இரண்டாக உடைந்து மூழ்கியது. அதற்குப் பிறகு வந்த ஒதுங்குமிட வழிகாட்டி வெறும் ஆலோசனைதான், யாரையும் கட்டாயப்படுத்தவில்லை. அடிபட்ட டேங்கரை எந்தத் துறைமுகத்தில் ஏற்பது, எண்ணெயை எங்கே இறைப்பது என்று நம் கடல் துறை இப்போதே முடிவு செய்து வெளியிட வேண்டும். அதை முடிவு செய்யும் கூட்டத்தில் போர்ட்டிக்சன் மீனவர்களுக்கும் நாற்காலி போட வேண்டும்.

நன்றி, வணக்கம்.