போய் இறங்கினாத்தான் தெரியுமா? போறதுக்கு முன்னாடியே தெரிஞ்சுக்கலாம்!

நடுவர் ஐயாவுக்கு வணக்கம், என் அணிக்கு வணக்கம், இவ்ளோ நேரம் என்னை எப்படியாவது தண்ணில தள்ளிவிட்டே தீருவேன்னு நின்ன எதிரணிக்கும் வணக்கம்.

லேட்டா வந்து உக்காந்தவங்களுக்காக தலைப்பை ஒரு தடவை சொல்லிடறேன். வெளிநாட்டுக்குப் போய் இங்கிலீஷ் சொல்லிக்குடுக்கிற வேலை நமக்கு ஒத்துவருமா வராதாங்கிறதை போறதுக்கு முன்னாடியே தெரிஞ்சுக்க முடியுமா, இல்ல போய் இறங்கினாத்தான் தெரியுமா? போனாத்தான் தெரியும்னு அவங்க. முன்னாடியே தெரிஞ்சுக்கலாம், தெரிஞ்சுக்கிட்டுத்தான் போகணும்னு நாங்க.

எதிரணித் தலைவர் நல்லாத்தான் பேசினாரு. தண்ணில இறங்காம நீச்சல் வருமான்னு கேட்டாரு, நீங்க எல்லாரும் கை தட்டினீங்க. ஆனா ஐயா, நீச்சல் கத்துக்கிறவன் முங்கினா அவன் ஒருத்தன்தான் தண்ணி குடிப்பான். வாத்தியார் முங்கினா எதிர்ல உக்காந்திருக்கிற முப்பது பிள்ளைங்களும்ல சேர்ந்து குடிக்கும்? உங்களுக்கு நீச்சல் வருதா இல்லையான்னு பாக்கிறதுக்கு அந்தப் பிள்ளைங்க என்ன கையெழுத்தா போட்டுக் குடுத்துச்சு? எதிரணி மலையைப் பேசினாங்க, பனியைப் பேசினாங்க, லீவுல பக்கத்து நாட்டுக்கு எப்படி சீப்பா போறதுன்னு பேசினாங்க, எல்லாம் சரி, இவ்ளோ நேரத்துல அந்த வகுப்பறைக்குள்ள ஒருத்தர் கூட கால் வைக்கலையே!

ஏன் முன்னாடியே தெரிஞ்சுக்கணும்னு கேக்கிறீங்களா, ஏன்னா உங்களைத் தவிர வேற யாரும் அதைப் பாக்கப் போறதே இல்ல. தென்கொரியாவையே எடுத்துக்கோங்க. அங்க மொழி சொல்லிக்குடுக்கிற வாத்தியாருக்கு ஈ-2ன்னு ஒரு விசா. இங்கிலீஷுக்கு அது வேணும்னா பொதுவா அமெரிக்கா, கனடா, பிரிட்டன், அயர்லாந்து, ஆஸ்திரேலியா, நியூசிலாந்து, தென்னாப்பிரிக்கா, இந்த ஏழுல ஒரு நாட்டு பாஸ்போர்ட் இருக்கணும். அப்புறம் டிகிரி வேணும், அது நிஜமான டிகிரிதான்னு வெளிநாட்டுல ஏத்துக்கறதுக்கு அப்போஸ்டில்னு ஒரு முத்திரை வேணும், போலீஸ் சர்டிபிகேட் வேணும், போய் இறங்கின பிறகு ஒரு மெடிக்கல் செக்கப். இந்த ஃபாரம்ல எங்கயாவது, இந்த ஆளு ஒரே தப்பை இருபதாவது தடவை திருத்தும்போதும் மூஞ்சி மாறாம இருப்பாரான்னு ஒரு கட்டம் இருக்கா? கிடையாது. பாஸ்போர்ட் சரியா இருந்தா ஆள் சரி. (வருஷக்கணக்கா இங்கிலீஷ் பாடம் எடுத்து கரைச்சுக் குடிச்ச ஒருத்தருக்கு பாஸ்போர்ட் வேற நாட்டுதுங்கிற ஒரே காரணத்துக்காக கதவை சாத்தறாங்களே, அது தனி அநியாயம். அதுக்குன்னு இன்னொரு நாள் பட்டிமன்றம் போடுங்க, நான் ஃப்ரீயாவே வரேன்.)

ஏஜென்ட் பாப்பாருன்னு நினைக்கிறீங்களா? ஆள் சேர்த்துவிட்டா அவருக்கு பள்ளிக்கூடத்துலருந்து கமிஷன். நீங்க பிளேன் ஏறினா அவருக்குக் காசு. அவரு வந்து "தம்பி, உனக்கு இது சரிப்பட்டு வராது, வீட்டுலயே இரு"ன்னு சொல்லுவாரா? ஆக, கேக்கவேண்டிய கேள்வியைக் கேக்க அந்தப் பக்கம் ஆளே இல்ல.

சரி, அந்தக் கேள்விதான் என்ன? நான் ஒண்ணே ஒண்ணுதான் சொல்லுவேன். அந்த வேலையிலருந்து அந்த நாட்டை எடுத்துடுங்க. மலை இல்ல, பனி இல்ல, போட்டோ இல்ல. மிச்சம் இருக்கிறது ஒரு ரூம், ஒரு போர்டு, நாம சொல்றதுல பாதி புரியாத ஒரு கூட்டம். இது மட்டும் போதுமா உங்களுக்கு? திங்கக்கிழமை காலைல எந்திரிச்சு இதுக்காக கிளம்புவீங்களா?

எதிரணியில ரெண்டாவதா பேசின அக்கா, அங்க போனா நிறைய நேரம் கிடைக்கும், நாடு சுத்தலாம்னு சொன்னாங்க. கொரியாவுல அரசுப் பள்ளிக்கு ஆள் எடுக்கிற எபிக் திட்டத்துல வாரத்துக்கு 22 மணி நேரம் வகுப்பு. கேக்க கம்மியாத்தான் தெரியுது. ஆனா மீதி நேரம் நீங்க ஊர் சுத்த முடியாது, ஸ்டாஃப் ரூம்ல உக்காந்திருக்கணும், பிள்ளைங்களே வராத லீவு நாள்லயும் பல பள்ளியில போய் உக்காரணும். அதுக்கு அந்த வாத்தியாருங்களே டெஸ்க் வார்மிங்னு பேரு வச்சிருக்காங்க, நாற்காலியை சூடு பண்றதுதான் வேலை. அந்த 22 மணி நேரமும் 22 விதமான பாடம் இல்ல ஐயா, ஒரே பாடத்தை இந்த செக்ஷனுக்கு எடுத்து, அதையே அடுத்த செக்ஷனுக்கு எடுத்து, அதே ஜோக்கை சொல்லி, அதே படத்தைக் காட்டி, கடைசி செக்ஷன்லயும் முதல் தடவை சொல்ற மாதிரியே சொல்லணும். பெரியவங்களுக்கு நடத்தற சென்டருக்குப் போனீங்கன்னா அது வேற கதை. அவங்க ஆபீஸ் முடிச்சுட்டுதான் படிக்க வருவாங்க. அதனால ஊரே ஜாலியா இருக்கிற சாயங்காலமும் சனிக்கிழமையும்தான் உங்களுக்கு வேலையே.

ஜப்பான்ல பள்ளிக்கூடங்களுக்கு வெளிநாட்டுலருந்து ஆள் எடுக்கிற ஜெட் திட்டம், 1987லருந்து நடக்குது. அங்க உங்க பதவி உதவி ஆசிரியர். பக்கத்துல ஜப்பானிய வாத்தியார் நிப்பாரு, அவரு கண்ணைக் காட்டினா நீங்க ஒரு வரி வாசிக்கணும், பிள்ளைங்க திருப்பிச் சொல்லும், அவரு தலையாட்டினா அடுத்த வரி. மனுஷ டேப் ரெக்கார்டர்னு அங்க வேலை பாத்தவங்களே நொந்து சொல்லுவாங்க. அதே திட்டத்துல இன்னொரு பள்ளியில மொத்த வகுப்பையும் உங்க கையில குடுத்துட்டு அவரு பின்னாடி போய் நின்னுக்குவாரு. ஒவ்வொருத்தர் நிலைமையும் வேற வேறங்கிறது ஜெட்காரங்க எதைக் கேட்டாலும் சொல்ற பதில்.

இதை சொன்ன உடனே எதிரணி சிரிக்குது பாருங்க. "ஒவ்வொரு இடமும் வேறன்னு நீயே சொல்ற, அப்புறம் எப்படிடா முன்னாடியே தெரியும்?" இடம் எப்படி இருக்கும்னு தெரியாது, ஒத்துக்கறேன். தலைப்பு இடத்தைப் பத்தி இல்லையே, ஆளைப் பத்தில்ல? கடைசி நிமிஷத்துல பிளான் மாறினா நீங்க சிரிச்சுட்டு வேற வழி பாப்பீங்களா, இல்ல ரெண்டு நாளைக்கு உர்ருன்னு இருப்பீங்களா? இதுக்கு எதுக்கு பிளேன் டிக்கெட், உங்ககூட ஒரே வீட்டுல இருக்கிறவங்ககிட்ட கேளுங்க, கேக்காமலே சொல்லுவாங்க!

அப்புறம் பாடம் நடத்த வருமாங்கிற விஷயம். எந்த ஊர்லயும் இங்கிலீஷ் தெரியாம புதுசா வந்து குடியேறினவங்க இருப்பாங்க, அவங்களுக்கு இங்கிலீஷ் வகுப்புன்னா பல இடத்துல வாலன்டியர் தேடிக்கிட்டே இருப்பாங்க. போய் ஒரு மூணு மாசம் நில்லுங்க. அவங்க மொழி உங்களுக்குத் தெரியாது, உங்க மொழி அவங்களுக்குத் தெரியாது. அவரு வந்து "ஐ லிவ்ட் ஹியர் ஃபைவ் இயர்ஸ்"ங்கிறாரு. நீங்க "ஐ ஹேவ் லிவ்ட்"னு திருத்தறீங்க. அவரு ஏன்னு கேக்கிறாரு. இங்கதான் ஆட்டமே. பிறந்ததுலருந்து அதைப் பேசறவங்களே இந்த இடத்துல திருதிருன்னு முழிப்பாங்க, ஏன்னா சரியா பேசத் தெரிஞ்சவங்களுக்கு எல்லாம் அது ஏன் சரின்னு சொல்லத் தெரியாது. சட்டுன்னு போர்டுல ஒரு கோடு போட்டு, வந்த வருஷத்தை ஒரு முனையில குறிச்சு, இன்னிக்கு வரைக்கும் அம்புக்குறி இழுத்து, இன்னும் இங்கதான் இருக்கேன்னு கையால காட்டி, அவரு முகத்துல ஒரு மாற்றம் வரும் பாருங்க. அந்த மாற்றத்தைப் பாத்து உங்களுக்கு உள்ள குளிருதா, இல்ல "அப்பாடா, மணி என்ன"ன்னு தோணுதா? அந்த ஒரு நிமிஷத்துலயே பாதி விடை வந்துடுச்சு. ஜப்பானிய மொழியில, கொரிய மொழியில, ரஷ்ய மொழியில, இங்கிலீஷ்ல பெயர்ச்சொல்லுக்கு முன்னாடி போடற 'எ' (a), 'த' (the) மாதிரி ஒண்ணு கிடையவே கிடையாது. அவங்களுக்கு அதை எங்க போடணும், எங்க போடக்கூடாதுன்னு வருஷக்கணக்கா தகராறு. இன்னிக்கு புரிஞ்சுது, நாளைக்கு மறுபடி தப்பு. பிரச்சினை அவங்ககிட்ட இல்ல, மொழி அப்படித்தான் கொஞ்சம் கொஞ்சமா ஏறும். அது உங்களுக்கு எரிச்சலா இருந்தா ஜப்பான்லயும் எரிச்சலாத்தான் இருக்கும், கூடவே பனியும் விழும், அவ்ளோதான்.

நான் சொல்றதை நம்ப வேண்டாம், இங்கிலீஷ் சொல்லிக்குடுக்கப் போறவங்களுக்காக கேம்பிரிட்ஜ்காரங்க செல்டான்னு ஒரு பயிற்சி கோர்ஸ் வச்சிருக்காங்களே அதைப் பாருங்க. குறைஞ்சது 120 மணி நேரம் பயிற்சி. அதுல 6 மணி நேரம் நிஜமான மாணவர்களுக்கு நீங்க பாடம் எடுக்கணும், பயிற்சியாளர் பின்னாடி உக்காந்து எழுதிக்கிட்டே இருப்பாரு. சேர்றதுக்கே முதல்ல ஒரு டாஸ்க், அப்புறம் இன்டர்வியூ. போனாத்தான் தெரியும்னா இதெல்லாம் எதுக்குங்க? ஆளை இங்கயே பாத்து எடைபோட முடியும்ங்கிறதுனாலதானே வச்சிருக்காங்க. ஆனா ஒண்ணு, ஆன்லைன்ல 120 மணி நேரம்னு போட்டு, ஒரு மாணவன் முகத்தைக் கூட பாக்காம ஒரு சர்டிபிகேட் குடுப்பாங்க, அது விசாவுக்கு உதவலாம், நீங்க வாத்தியாரா இல்லையான்னு அது சொல்லாது.

மூணாவதா பேசின தம்பி ஒரு உதாரணம் சொன்னாரு. வாயே திறக்காத ஒரு கூச்ச சுபாவி, வெளிநாடு போய் பிரமாதமான வாத்தியார் ஆயிட்டாராம், இதை முன்னாடியே யாராவது கணிச்சிருக்க முடியுமான்னு கேட்டாரு. கணிச்சிருக்கலாம் தம்பி, நீங்க தப்பான தராசை வச்சுக்கிட்டு நிக்கறீங்க. கலகலன்னு பேசறவன்தான் வாத்தியார்னு யார் சொன்னா? மொழி வகுப்புல வாத்தியார் எவ்ளோ நேரம் பேசறாரோ அவ்ளோ நேரம் மாணவன் பேசல. பயிற்சியில முதல்ல திட்டு வாங்கறதே ஓவரா பேசறவங்கதான் (இந்த மேடையில இருக்கிற யாருமே தேற மாட்டோம், நடுவரையும் சேர்த்து). கேள்வி கேட்டுட்டு பதில் வர வரைக்கும் வாயை மூடிக்கிட்டு காத்திருக்கத் தெரியணும். அந்தக் கூச்ச சுபாவிக்கு அது கைவந்த கலை. ஒரு மூணு மாசம் ஒரு வகுப்புல நிக்க வச்சிருந்தா இங்கயே தெரிஞ்சிருக்கும்.

கல்ச்சர் ஷாக், அதாவது புது நாட்டுப் பழக்கவழக்கத்துல போய் விழும்போது வர்ற அதிர்ச்சி, அதைப் பத்தி எதிரணி ரொம்ப பயமுறுத்தினாங்க. கலெர்வோ ஓபெர்க்னு ஒரு மானுடவியல் அறிஞர் 1960லயே இதைக் கட்டம் கட்டமா எழுதி வச்சுட்டாரு, முதல்ல தேனிலவு மாதிரி எல்லாமே அழகா இருக்கும், அப்புறம் எல்லாமே வெறுக்கும், அப்புறம் மெதுவா பழகும்னு. பெரும்பாலும் எல்லாருக்கும் வர்ற ஒண்ணை வச்சு ஒருத்தர் பொருத்தமா இல்லையான்னு எப்படி சொல்லுவீங்க? ஆனா வெறுக்கிற அந்தக் காலத்துல வகுப்புக்குள்ள போற அம்பது நிமிஷமாவது உங்களுக்குப் பிடிச்சதா இருந்தா தாண்டிடலாம். அதுவும் பிடிக்கலன்னா வெளிய போனாலும் வெறுப்பு, உள்ள போனாலும் வெறுப்பு.

"ஒரு வருஷம்தானே, பிடிக்கலன்னா திரும்பி வந்துடலாம்"னு சொன்னீங்க. கொரியாவுல விசா அந்த முதலாளியோட கட்டின விசா, பல பேருக்கு தங்கற வீடும் அவரு குடுத்ததுதான். பாதியில கிளம்பினா வேலையும் போச்சு, வீடும் போச்சு, ஒரு வருஷம் முடிச்சா கிடைக்கிற ஒரு மாசச் சம்பளமும் போச்சு. அந்தப் பிள்ளைங்களுக்கு டெர்ம் நடுவுல இன்னொரு புது மூஞ்சி. நீங்களா கிளம்பலன்னாலும், 2007 அக்டோபர்ல ஜப்பான்லயே பெரிய இங்கிலீஷ் பேச்சுப் பயிற்சி நிறுவனமா இருந்த நோவா கவுந்தது, ஆயிரக்கணக்கான வெளிநாட்டு வாத்தியாருங்க சம்பளம் வராம நடுத்தெருவுல நின்னாங்க. சீனாவுல 2021 ஜூலைல டியூஷன் கம்பெனிங்களுக்கு அரசாங்கம் கடிவாளம் போட்டுச்சு, வெளிநாட்டுல உக்காந்து ஆன்லைன்ல பாடம் எடுத்தவங்க வேலை காத்துல போச்சு. மூணு மாசச் செலவுக்கும் திரும்பி வர டிக்கெட்டுக்கும் கைல காசு இருக்கான்னு பாக்கறதும் பொருத்தம் பாக்கறதுதான். அதையும் போய் இறங்கித்தான் பாப்பீங்களா?

மணி அடிச்சுட்டீங்க, முடிச்சுடறேன் ஐயா. இப்படி சோதிச்சுப் பாத்து வேண்டாம்னு முடிவு பண்ணினா வெளிநாட்டு அனுபவமே போயிடுமேன்னு ஒருத்தர் வருத்தப்பட்டாரு. போயிடாதுங்க, டூரிஸ்ட் விசான்னு ஒண்ணு இருக்கு, தாராளமா போங்க, பிள்ளைங்களை விட்டுடுங்க.

எனக்கு மிச்சம் இருக்கிற ரெண்டு நிமிஷத்தை எதிரணிக்கே குடுத்துடறேன். இங்க எதையும் சோதிக்கவே முடியாதுன்னுதானே சொன்னீங்க? உங்கள்ல யாராவது ஒருத்தர் வாங்க, தமிழ் ஒரு வார்த்தை பேசாம, 'எ' எப்ப வரும், 'த' எப்ப வரும்னு நடுவருக்கு சொல்லிக்குடுங்க. ஐயா, நீங்க ஒண்ணுமே தெரியாத மாதிரி உக்காந்திருக்கணும். இந்தாங்க மைக்.