கெட்ட வருஷத்துக்கு ஒரு மேய்க்கால்

வணக்கம். களையெடுப்பு நேரத்தில் வேலையைப் போட்டுவிட்டு இத்தனை பேர் வந்திருக்கிறீர்கள். தாய்மார்கள் சிலர் ஆட்டை வேப்பமரத்தடியில் கட்டிவிட்டு வந்து உட்கார்ந்திருப்பதும் தெரிகிறது. அந்த ஆட்டிலிருந்தே தொடங்குகிறேன்.

எங்கள் அப்பத்தாவுக்குச் சொந்தமாக ஒரு குழி நிலம் கிடையாது. நாலு வெள்ளாடு இருந்தது. ஊருக்கு மேற்கே மேய்க்கால், அதாவது ஊர் ஆடு மாடுகள் மேய விட்ட பொதுநிலம், இருந்தது. மழை பெய்த வருஷங்களில் நாற்று நட, களையெடுக்க, கதிர் அறுக்க என்று ஆள்விட்டுக் கூப்பிடுவார்கள். கூலி நெல் வந்துவிடும். மழை பொய்த்துவிட்டால் யாரும் கூப்பிட மாட்டார்கள். அந்த வருஷங்களில்தான் அவள் மேய்க்காலே கதி என்று கிடப்பாள். விடிய ஆட்டை ஓட்டிக்கொண்டு போனால் பொழுது சாயத்தான் வருவாள். தலையில் சுள்ளிக்கட்டு, மடியில் கோவைக்காயும் பிரண்டையும். விளக்குமாற்றுப் புல் அறுத்து அறுத்து அவளுடைய ஆள்காட்டி விரலின் ஓரம் முழுக்கத் தழும்பு. சோறு ஊட்டும்போது அது கன்னத்தில் உரசும். எனக்கு இன்னும் நினைவிருக்கிறது.

வறட்சியில் ஆட்டுச் சந்தை எப்படி இருக்கும் என்று உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. தீவனம் இல்லை, எல்லோரும் ஒரே வாரத்தில் ஓட்டிக்கொண்டு வந்து நிற்கிறார்கள். இவர்களால் திருப்பி ஓட்டிக்கொண்டு போக முடியாது என்று வியாபாரிக்கும் தெரியும். அடிமாட்டு விலைதான். அந்த வாரம் அப்பத்தா சந்தைக்குப் போகமாட்டாள். மேய்க்காலில் காய்ந்த புல்லாவது கிடக்கும். கோடையில் கருவேல மரம் நெற்று உதிர்க்கும். ஆடி மாசம் கோயில்களில் கிடாவெட்டு வரும்வரை தாக்குப்பிடித்துவிட்டால் விலை ஏறிவிடும். அந்த இரண்டு மூன்று மாத அவகாசத்தை அவளுக்குக் கொடுத்தது அந்த நிலம். வட்டிக்கு வாங்காமல், ஆட்டை அள்ளிக் கொடுக்காமல், பிள்ளையைப் பள்ளிக்கூடத்திலிருந்து நிறுத்தாமல் ஒரு கெட்ட வருஷத்தைத் தாண்ட ஏழை வீட்டுக்கு அந்த அவகாசம்தான் வேண்டும்.

இதை ஒருவர் கணக்குப் போட்டே காட்டியிருக்கிறார். என். எஸ். ஜோதா என்ற பொருளாதார அறிஞர் இந்தியாவின் 7 மாநிலங்களில், மழையை நம்பியிருக்கும் 80-க்கும் மேற்பட்ட கிராமங்களை ஆராய்ந்து 1986-இல் எழுதினார். அந்தக் கிராமங்களில் ஏழை வீடுகளின் வருமானத்தில் 14 முதல் 23 சதவீதம் வரை பொதுநிலத்திலிருந்து வந்தது. விறகு, புல், காய், கீரை, பிசின் எல்லாம் சேர்த்துத்தான். இன்னொன்றையும் அவர் கண்டார். அந்தப் பொதுநிலத்தை ஏழைகளுக்குப் பட்டா போட்டுத் தருகிறோம் என்று பிரித்தபோது, பாதியோ அதற்கு மேலோ வசதியுள்ளவர்கள் கைக்கே போய்ச் சேர்ந்தது. எங்கள் மேய்க்காலும் அப்படித்தான் கரைந்தது. கொஞ்சம் ஆக்கிரமிப்பு, கொஞ்சம் கட்டடம், மிச்சம் சீமைக்கருவேலம்.

'புறம்போக்கு' என்று யாராவது திட்டினால் நமக்குச் சுருக்கென்கிறது. தீர்வை போடாமல் புறத்தே விட்ட நிலம் என்பதுதான் கணக்கில் அதற்குப் பொருள். கண்மாய், ஓடை, வண்டிப்பாதை, சுடுகாடு, மந்தை, மேய்க்கால் எல்லாமே அதற்குள்தான் வருகின்றன. அரசுக்கு வரி தராத நிலம், நாளடைவில் எதற்கும் ஆகாத நிலம் என்றாகி, கடைசியில் எதற்கும் ஆகாத மனிதனுக்கே பெயராகிவிட்டது. ஊர் முழுக்கப் பிழைத்த இடத்தின் பெயர் வசவாகிப்போனதில் எனக்கு உண்மையாகவே வருத்தம் உண்டு.

சரி, கெட்டுப்போன பொதுநிலத்தை மீட்க முடியுமா? முடியும் என்று காட்டிய ஊர்கள் இருக்கின்றன. இரண்டு ஊர்களைப் பற்றிச் சொல்கிறேன்.

முதல் ஊர் ஹரியானாவில், சிவாலிக் மலையடிவாரத்தில் இருக்கும் சுகோமாஜ்ரி. சண்டிகர் நகரத்துக்காக 1958-இல் கட்டிய சுக்னா ஏரி, இருபது வருஷம் ஆவதற்குள் பாதிக்கு மேல் மண் மேவிப்போனது. மண் எங்கிருந்து வருகிறது என்று பி. ஆர். மிஸ்ரா என்ற மண்வள அறிஞர் தேடிக்கொண்டு போனார். மலையில் இந்த ஊர் ஆடு மாடுகள் மேய்ந்து மொட்டையாகிக் கிடந்த சரிவுகளில் போய் நின்றார். மேய்க்காதே என்று சொன்னால் யார் கேட்பார்கள்? 1976-இல் அங்கே ஒரு சிறிய மண் அணை கட்டினார்கள். தண்ணீர் நின்றது, பாய்ந்த வயல் விளைந்தது. உடனே தகராறும் வந்தது. வயல் உள்ளவனுக்குத் தண்ணீர். மலையில் ஆடு மேய்க்காமல் விட்டுக்கொடுத்தவனுக்கு என்ன?

அந்தக் கேள்விக்கு அவர்கள் கண்ட விடைதான் எனக்கு மிகவும் பிடித்தது. அணைத் தண்ணீரில் வீட்டுக்கு ஒரு பங்கு, எல்லா வீட்டுக்கும் சமமாக. நிலமே இல்லாத வீட்டுக்கும் அதே பங்கு. அவர்கள் தங்கள் பங்கை வயல் உள்ளவர்களுக்கு விற்றுக்கொள்ளலாம். அதன் பிறகு மலைக்கு முள்வேலி தேவைப்படவில்லை. ஊர் ஆட்களே காவல் இருந்தார்கள். கயிறு திரிக்கவும் காகித ஆலைக்கும் ஆகும் பாபர் புல் மலை முழுக்க வளர்ந்தது. தனக்கும் அதில் பங்குண்டு என்று தெரிந்தவன் ஆட்டை அவிழ்த்துவிட மாட்டான்.

இரண்டாவது ஊர் மகாராஷ்டிரத்தின் அகமதுநகர் மாவட்டத்திலுள்ள ஹிவ்ரே பஜார். இப்போது அந்த மாவட்டத்துக்கு அகில்யாநகர் என்று பெயர். அங்கே வருஷத்துக்கு 400 மில்லிமீட்டர் மழை பெய்தால் அதிகம். நம் ராமநாதபுரத்தில் பெய்வதில் அது பாதி தேறாது. 1972-இல் வந்த பெரும் வறட்சிக்குப் பிறகு பாதி ஊர் மும்பைக்கும் புனேவுக்கும் கூலிக்குப் போய்விட்டது. மிச்சம் இருந்தவர்களில் பலர் சாராயம் காய்ச்சினார்கள். 1989-இல் போபட்ராவ் பவார் என்ற படித்த இளைஞரை ஊர்த்தலைவராகப் போட்டியில்லாமல் தேர்ந்தெடுத்தார்கள். ஊரே கூடிச் சில கட்டுப்பாடுகளைப் போட்டுக்கொண்டது. மலையில் மரம் வெட்டக் கூடாது. ஆடு மாட்டை அவிழ்த்துவிட்டு மேய்க்கக் கூடாது. புல்லை அறுத்துக்கொண்டு போகலாம். குடி கூடாது. பொதுவேலைக்கு வீட்டுக்கு ஓர் ஆள் உடலுழைப்பு தரவேண்டும். மலைச்சரிவில் வரிசை வரிசையாகக் குழி வெட்டினார்கள். விழுந்த மழை அங்கேயே இறங்கியது, கிணறுகளில் ஊறியது.

இதுவரை பல ஊர்களிலும் நடந்திருக்கிறது. ஆனால் கிணற்றில் தண்ணீர் வந்ததும் எல்லோரும் மோட்டாரைப் போட்டு உறிஞ்சிவிடுவார்கள். ஐந்து வருஷத்தில் பழைய கதைதான். ஹிவ்ரே பஜார் அங்கேதான் வேறு மாதிரி நடந்தது. பாசனத்துக்கு ஆழ்துளைக் கிணறு போடக் கூடாது என்று தீர்மானித்தார்கள். தண்ணீரைக் குடித்துத் தீர்க்கும் கரும்பும் வாழையும் வேண்டாம் என்றார்கள். ஒவ்வொரு வருஷமும் மழையை அளந்து, கிணற்று மட்டத்தை அளந்து, கிராம சபையில் வைத்துக் கணக்குப் பார்க்கிறார்கள். முதலில் மனிதருக்கும் மாட்டுக்கும் குடிக்க எவ்வளவு. மிச்சத்தில் என்ன பயிர் வைக்கலாம். மழை குறைந்தால் அந்த வருஷம் இந்தப் பயிர் இல்லை என்று சபையே சொல்லிவிடும். 1995-இல் அங்கே 168 குடும்பங்கள் வறுமைக் கோட்டுக்குக் கீழே இருந்தன. 2010-இல் மூன்று. புல் பெருகியதால் மாடு பெருகியது; நாளைக்கு 150 லிட்டராக இருந்த பால் 4,000 லிட்டர் ஆனது. மும்பைக்குப் போனவர்களில் பலர் குடும்பத்தோடு ஊர் திரும்பினார்கள்.

2021-இல் கொரோனாவின் இரண்டாம் அலை அந்த மாவட்டத்தையே உலுக்கியபோது, ஹிவ்ரே பஜாரிலும் தொற்று வந்தது. குழுக்களாகப் பிரிந்து வீடு வீடாகப் போய்ச் சோதித்தார்கள், நோய் வந்தவர்களைத் தனியே வைத்துப் பார்த்துக்கொண்டார்கள். மே மாத நடுவில் ஊரில் தொற்று இல்லை. மலையில் குழி வெட்டியதற்கும் கொரோனாவுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்கலாம். முப்பது வருஷம் ஒன்றாக உட்கார்ந்து, கசப்பான முடிவுகளை எடுத்து, எடுத்த முடிவைக் காப்பாற்றிப் பழகியவர்கள் அவர்கள். புது ஆபத்து வந்த அன்றைக்குப் புதிதாகக் கூட்டம் சேர்க்க வேண்டியிருக்கவில்லை.

2020-இல் ஊரடங்கு போட்டபோது நம் பக்கத்திலும் வெளியூர் வேலைக்குப் போன பிள்ளைகள் நடந்தும் லாரியிலும் வந்து சேர்ந்தார்கள். நூறு நாள் வேலைக்கு மத்திய அரசு கூடுதலாக 40,000 கோடி ரூபாய் ஒதுக்கியது. பல ஊர்களில் அந்தக் கூலி ஊருணி தூர்வாரியும் கரை போட்டும்தான் கைக்கு வந்தது. வெட்டுவதற்கு ஊருக்குப் பொது இடம் இருந்ததால் அந்த வேலை இருந்தது.

ஒரு விஷயத்தில் மட்டும் எனக்கு மனம் ஒப்பவில்லை. மீட்கிறோம் என்று முதலில் மேய்க்காலை அடைத்துவிடுகிறோம். மூன்று வருஷம் யாரும் உள்ளே போகக் கூடாது என்கிறோம். நாலு மாடு வைத்துத் தோட்டத்தில் தீவனம் போடுகிறவருக்கு அது பெரிய நஷ்டமில்லை. எங்கள் அப்பத்தா மாதிரி ஒருத்திக்கு? சீமைக்கருவேலத்தை வேரோடு பிடுங்கவேண்டும் என்பதில் எனக்கும் சந்தேகமில்லை. ஆனால் அதை வெட்டிக் கரிமூட்டம் போட்டுத்தான் ராமநாதபுரம், சிவகங்கைப் பக்கம் எத்தனையோ வீடுகளில் அடுப்பு எரிகிறது. ஒரே மாதத்தில் இயந்திரத்தை விட்டு வழித்தெடுத்தால் அந்த வீடுகள் என்ன செய்யும்? மேய்க்காலை மூன்றாகப் பிரித்து ஒவ்வொரு பங்காக அடைக்கலாம். அடைத்த இடத்தில் அறுக்கும் புல்லில் முதல் உரிமையை நிலமில்லாத வீட்டுக்குக் கொடுக்கலாம். சீமைக்கருவேலம் வெட்டும் வேலையைக் கரி சுடுகிறவர்களுக்கே கொடுத்து, அந்த இடத்தில் அவர்கள் நடும் மரத்தின் நெற்றிலும் காயிலும் பங்கு எழுதித் தரலாம். சுகோமாஜ்ரிக்காரர்கள் தண்ணீரில் செய்ததை நாம் புல்லில் செய்கிறோம், அவ்வளவுதான்.

சட்டமும் நம் பக்கம் இருக்கிறது. 2011 ஜனவரி 28 அன்று ஜக்பால் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம், ஆக்கிரமிக்கப்பட்ட ஊர்ப் பொதுநிலங்களை மீட்டுக் கிராம சபைகளிடம் ஒப்படைக்கத் திட்டம் வகுக்கும்படி எல்லா மாநிலங்களுக்கும் உத்தரவிட்டது.

கிராம நிர்வாக அலுவலரிடம் 'அ' பதிவேடு இருக்கிறது. நம் ஊரில் மேய்க்கால் என்று எழுதியிருக்கும் சர்வே எண்கள் எத்தனை, ஏக்கர் எவ்வளவு என்று அதில் தெரியும். படித்த பிள்ளைகள் அதை நகல் எடுத்துக்கொண்டு, பெரியவர்கள் இரண்டு பேரைக் கூட்டிக்கொண்டு, ஒரு நாள் காலையில் எல்லை நடந்து பாருங்கள். ஆடு வைத்திருக்கும் தாய்மார்களும் கூடப் போகவேண்டும். எந்த மூலையில் எந்தப் புல் முளைக்கும் என்று அவர்களுக்குத்தான் தெரியும். அடுத்த கிராம சபைக்கு அந்தக் காகிதத்தைக் கொண்டுவாருங்கள். நானும் வருகிறேன். முதலில் எந்தப் பங்கை அடைப்பது, அதுவரை ஆடுகள் எங்கே போகும் என்று அங்கேயே உட்கார்ந்து பேசி எழுதிக்கொள்வோம்.